திங்க்பேட் டி14 ஜென் 5: எதைப் பார்த்து வாங்குவது, ரேமும் எஸ்எஸ்டியும் எப்படி மாற்றுவது

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது என்றதும், எங்கள் ஆடிட்டர் ஆபீசில் பழைய லேப்டாப் நான்கையும் ஒரேயடியாக மாற்ற வேண்டி வந்தது. கணக்குப் பார்க்க வந்த நான்தான் அங்கே கம்ப்யூட்டர் விவகாரத்துக்கும் பொறுப்பு. பிரிண்டர் மக்கர் பண்ணினால்கூட என் பெயர்தான் முதலில் அடிபடும். கடைசியில் வாங்கியது லெனோவோ திங்க்பேட் டி14 ஜென் 5, இன்டெல் மாடல், நான்கு. நான்கையும் நானே திறந்து ரேம் போட்டேன், இரண்டில் ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும் மாற்றினேன். யார் என்ன கேட்டார்கள், எங்கே தடுமாறினேன் என்பதையெல்லாம் வரிசைப்படி எழுதுகிறேன்.

படி 1: பின்னால் மாற்ற முடியாததை முதலில் முடிவு செய்யுங்கள்

வாங்கும்போது எல்லோரும் "ரேம் எவ்வளவு, ஸ்டோரேஜ் எவ்வளவு" என்றுதான் கேட்கிறார்கள். இந்த லேப்டாப்பில் அது இரண்டும்தான் பிறகு சுலபமாக மாற்றக்கூடியவை. பிராசஸர் மதர்போர்டிலேயே பற்றவைத்திருக்கும். திரையை மாற்றலாம், ஆனால் அந்தச் செலவுக்கு முதலிலேயே நல்லதாக வாங்கிவிடலாம். அதனால் பட்ஜெட்டை இந்த இரண்டிலும் போட்டு, ரேமையும் எஸ்எஸ்டியையும் குறைத்து வாங்குவதுதான் என் கட்சி.

திரையில் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு வரி. ஸ்பெக் பட்டியலில் "45% என்டிஎஸ்சி" என்று இருந்தால் நிறம் வெளுத்துத் தெரியும். "100% எஸ்ஆர்ஜிபி" என்றால் நிறம் சரியாக வரும். எக்செல்லில் சிவப்பு, ஆரஞ்சு என்று கலர் அடித்து வேலை பார்க்கிறவர்களுக்கே வித்தியாசம் தெரிந்துவிடும். எங்கள் நான்கில் இரண்டு முதல் வகை, இரண்டு இரண்டாம் வகை. பக்கத்தில் பக்கத்தில் வைத்த அன்றே, "எனக்கு மட்டும் ஏன்ணா இந்த மங்கல் திரை?" என்று சண்டை வந்துவிட்டது.

பிராசஸரில் கடைசி எழுத்தைப் பாருங்கள். கோர் அல்ட்ரா 5 125யூ என்றால் 12 கோர், 15 வாட் ரகம். 125எச் என்றால் 14 கோர், 28 வாட் ரகம். டேலி, எக்செல், பிரவுசரில் முப்பது டேப் என்ற அளவுக்கு யூ தாராளமாகப் போதும், சூடும் குறைவு. வீடியோ எடிட்டிங் மாதிரி வேலை இருந்தால் எச். விண்டோஸின் கோபைலட் பிளஸ் என்ற ஏஐ வசதிகள் வருமா என்று ஒருவர் கேட்டார். வராது. அதற்கு, ஏஐ வேலைக்கான என்பியு என்ற பகுதியில் மைக்ரோசாஃப்ட் கேட்பது 40 டாப்ஸ் வேகம், இந்தத் தலைமுறை இன்டெல் சிப்பில் இருப்பது சுமார் 11.

பேட்டரியில் 39.3 வாட்-அவர், 52.5 வாட்-அவர் என்று இரண்டு அளவு உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பெரியதை எடுங்கள். மொபைல் சிம் போட்டு இன்டர்நெட் வேண்டும் என்றாலும் இப்போதே சொல்லிவிட வேண்டும். அந்த வசதியோடு வராத மாடலில் உள்ளே ஆன்டெனா ஒயரே இருக்காது, பின்னால் கார்டை மட்டும் வாங்கிச் செருகிப் பயன் இல்லை.

படி 2: பெயரில் ஏமாறாதீர்கள்

டி14 வேறு, டி14எஸ் வேறு. ஒரே ஒரு எழுத்துதான், ஆனால் டி14எஸ்-இல் ரேம் முழுக்கப் போர்டில் பற்றவைத்தது, ஆயுசுக்கும் அதேதான். எக்ஸ்1 கார்பனும் அப்படியே. டி14-இலும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஜென் 1 முதல் ஜென் 3 வரை இன்டெல் மாடல்களில் கொஞ்சம் ரேம் போர்டில், மீதிக்கு ஒரே ஒரு ஸ்லாட். 2024-இல் வந்த ஜென் 5-இல்தான் இரண்டு ஸ்லாட்டும் திறந்தவை. நிறுவனக் கணக்குப்படி 64 ஜிபி வரை போடலாம். பழுதுபார்க்கும் வசதிக்காக, ரிப்பேர் வழிகாட்டிகள் வெளியிடும் ஐஃபிக்ஸிட் தளம் இந்த மாடலுக்குப் பத்துக்கு 9 மதிப்பெண் கொடுத்தது. நான் இதைத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணம்.

விற்கிறவர் சொல்வதை நம்ப வேண்டாம். லெனோவோவின் பிஎஸ்ரெஃப் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டால் எத்தனை ஸ்லாட், என்ன ரேம், என்ன திரை, என்ன பேட்டரி என்று எல்லாம் வரும். லேப்டாப் ஏற்கெனவே கையில் இருக்கிறதா? டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. "ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2" என்று இருந்தால் இன்னொன்று காலி. அதற்குப் பக்கத்தில் "ஃபார்ம் ஃபேக்டர்" என்ற வரியும் உண்டு. அங்கே "எஸ்ஓடிம்" என்றால் கழற்றலாம், "ரோ ஆஃப் சிப்ஸ்" என்றால் பற்றவைத்தது, விட்டுவிடுங்கள்.

பில் போடும்போது ஆபீஸின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுக்க மறக்காதீர்கள். லேப்டாப்புக்கு 18% ஜிஎஸ்டி, தொழிலுக்கு வாங்கினால் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். ஆடிட்டர் ஆபீசிலேயே இதை மறந்து பில்லைத் திருத்தி வாங்கிய கதை எங்களுடையது.

படி 3: ஒரு வாரம் அப்படியே ஓட்டுங்கள்

பெட்டியைப் பிரித்த அன்றே ஸ்க்ரூடிரைவரை எடுக்காதீர்கள். லேப்டாப்பில் ஏதேனும் குறை இருந்தால் முதல் வாரத்திலேயே பெரும்பாலும் தெரியும். நீங்கள் கை வைப்பதற்கு முன்பே தெரிந்தால்தான் பேச்சு சுலபம்.

முதல் வாரத்தில் எங்கள் ஆட்கள் சொன்னவை: கீபோர்டு நன்றாக இருக்கிறது, ஆனால் பழைய டி480 மாதிரி ஆழமாக அமுங்கவில்லை. இடது மூலையில் கன்ட்ரோல் வந்துவிட்டது. இத்தனை வருடம் அந்த இடத்தில் எஃப்என் இருந்ததால், பழைய திங்க்பேட்காரர் ஒருவர் இரண்டு நாள் காப்பி, பேஸ்ட் வரவில்லை என்று கத்திக்கொண்டிருந்தார். மற்ற மூவருக்கும் இதுதான் பழக்கம், நிம்மதி. வேண்டுமென்றால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எல்லோரும் பாராட்டியது போர்ட்டுகளை. இரண்டு தண்டர்போல்ட் 4, இரண்டு சாதாரண யுஎஸ்பி, எச்டிஎம்ஐ, லேன் கேபிள் ஓட்டை எல்லாம் உண்டு. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருக அந்தப் பழைய யுஎஸ்பிதான் வேண்டும். டைப்-சி மட்டும் உள்ள ஒல்லி லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஜிஎஸ்டி கடைசித் தேதியில் டாங்கிள் தேடி அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வாரத்திலேயே ரேம் கணக்கையும் எடுங்கள். வேலை உச்சத்தில் இருக்கும் நேரம் டாஸ்க் மேனேஜரில் அதே மெமரி பக்கத்தில் "கமிட்டட்" என்ற எண்ணை (ஓடும் எல்லாமும் சேர்ந்து கேட்டிருக்கும் மெமரி) குறித்துக்கொள்ளுங்கள். 8 ஜிபி லேப்டாப்பில் அது 13, 14 என்று போனால் 16 வேண்டும். 16-இல் 12-க்குள் நின்றால் காசை மிச்சம் பிடியுங்கள். 2025 இறுதியிலிருந்து மெமரி விலை ஏறுமுகமாகவே இருக்கிறது. "எதற்கும் இருக்கட்டும்" என்று 64 ஜிபி போடும் காலம் இது இல்லை.

படி 4: சரியான ரேம், சரியான எஸ்எஸ்டி

கேட்க வேண்டியது: "டிடிஆர்5, 5600, லேப்டாப் ரேம்." லேப்டாப் என்பதையும் டிடிஆர்5 என்பதையும் அழுத்திச் சொல்லுங்கள். சென்னை ரிச்சி தெருவில் நான் அவசரத்தில் "திங்க்பேடுக்கு 16 ஜிபி" என்று மட்டும் கேட்டு, பிரிக்காமல் வாங்கி வந்தேன். ஆபீசில் வந்து செருகப் பார்த்தால் நுழையவில்லை. டிடிஆர்4 கொடுத்திருந்தார்கள். பார்வைக்கு இரண்டும் அச்சு அசல் ஒன்று. டிடிஆர்4-இல் 260 பின், டிடிஆர்5-இல் 262 பின், நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கும். அந்த வெட்டு இருப்பதே தவறானது உள்ளே போய்விடக்கூடாது என்பதற்குத்தான். நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள், லேபிளைப் படியுங்கள். மறுநாள் போய் மாற்றிக்கொண்டேன். கடைத் தம்பி, "டிடிஆர் எத்தனைன்னு நீங்க சொல்லலையேண்ணா" என்றான். அதுவும் நியாயம்தான்.

ஒரே கம்பெனி ரேம்தான் போட வேண்டுமா? கட்டாயம் இல்லை. வேகமும் அளவும் ஒன்றாக இருப்பது நல்லது. 16 இருக்கும் இடத்தில் இன்னொரு 16 போட்டால் இரண்டு சேனலும், அதாவது ரேமுக்குப் போகும் இரண்டு பாதையும், சேர்ந்து ஓடும், கிராஃபிக்ஸுக்கு அது பெரிய லாபம். எச் ரக பிராசஸரில் "இன்டெல் ஆர்க்" என்ற பெயரே 16 ஜிபிக்குக் குறையாமல் இரட்டைச் சேனலில் இருந்தால்தான் தெரியும். 8-ம் 16-ம் கலந்தாலும் ஓடும். பொதுவான அளவு மட்டும் இரட்டைச் சேனலில், மீதி ஒற்றையில். கேமிங் ரேம் என்று ஆர்ஜிபி விளக்குப் படம் போட்ட பெட்டியில் வருவதற்கு அதிகக் காசு தராதீர்கள்.

எஸ்எஸ்டிக்கு ஸ்லாட் ஒன்றுதான். எம்.2, 2280 அளவு, என்விஎம்இ, ஜென்4 (இது எஸ்எஸ்டியின் தலைமுறை, லேப்டாப் பெயரில் வரும் ஜென் 5 வேறு). ஜென்5 எஸ்எஸ்டி வாங்கிப் போட்டால் அது ஜென்4 வேகத்தில்தான் ஓடும். காசு அதிகம் போனதுதான் கண்ட பலன். மேலே அலுமினியத் தகடு ஒட்டி வருவது டெஸ்க்டாப்புக்கானது, மூடி மூடாது. சிப்புகள் ஒரு பக்கம் மட்டும் உள்ளதாக எடுங்கள். சிப்பில் டிஎல்சி ரகம் கிடைத்தால், சீக்கிரம் தேயும் க்யூஎல்சி ரகத்தை விட்டுவிடுங்கள். "7000 எம்பி வேகம்" என்று அட்டையில் போட்டிருப்பது பெரிய ஃபைலை ஒரே மூச்சில் படிக்கும்போது. டேலி திறக்கும் வேகத்தில் அதை நீங்கள் உணரப் போவதில்லை.

எஸ்எஸ்டி சீக்கிரம் தேய்ந்துவிடுமே என்று ஆடிட்டர் சார் கவலைப்பட்டார். 1 டிபி டிஎல்சி எஸ்எஸ்டி பலவற்றுக்கு 600 டிபி எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். நாளுக்கு 20 ஜிபி எழுதினால் 30,000 நாள், அதாவது 82 வருடம். அதற்குள் ஆபீசே கைமாறிவிடும் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

வாரண்டி போய்விடுமா என்பது எல்லோரும் கேட்பது. ரேம், எஸ்எஸ்டி போன்றவற்றை வாடிக்கையாளரே மாற்றலாம் என்று லெனோவோவின் கையேடே சொல்கிறது. மாற்றியதற்காக வாரண்டி போகாது. மாற்றும்போது நீங்கள் எதையாவது உடைத்தால் அது உங்கள் கணக்கு. கழற்றிய பழைய ரேமைப் பத்திரமாக வைத்திருங்கள். சர்வீசுக்குக் கொடுக்கும் முன் அதையே திரும்பப் போட்டுக் கொடுப்பது உத்தமம்.

படி 5: திறப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

இந்தப் படியை அவசரத்தில் தாண்டியவர்கள்தான் பிறகு போன் பண்ணுகிறார்கள்.

முதலாவது, பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் டிஸ்க் பூட்டு. விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால் உங்களைக் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பயாஸ் மாற்றத்துக்குப் பிறகு, 48 இலக்க மீட்புச் சாவியைக் கொடு என்று நீலத்திரை நிற்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று பார்த்து, காகிதத்தில் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதே லேப்டாப்பில் நோட்பேடில் சேமித்து வைத்த புண்ணியவானும் உண்டு. ரேம் மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தால் போதும். எஸ்எஸ்டியை அப்படியே நகல் எடுக்கப் போகிறீர்கள் என்றால் முழுதாக அணைத்து, பூட்டு நீங்கும் வரை காத்திருந்து, எல்லாம் முடிந்தபின் மறுபடி போடுங்கள்.

இரண்டாவது, டேலி வைத்திருப்பவர்களுக்கு. எஸ்எஸ்டி மாற்றும் முன் டேலிபிரைமில் லைசன்ஸை சரண்டர் செய்துவிடுங்கள். பிறகு புதியதில் ஆக்டிவேட் செய்துகொள்ளலாம். டேட்டா ஃபோல்டரை வெளி டிஸ்கில் ஒரு பிரதி எடுங்கள். டோக்கனுக்கான டிரைவர் ஃபைலையும் அதிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பயாஸ். லேப்டாப்பை ஆன் செய்து லோகோ வரும்போது எஃப்1. அதற்கு முன் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணைத்திருக்க வேண்டும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, கான்ஃபிக், பவர், "டிஸேபிள் பில்ட்-இன் பேட்டரி" என்று போய் "யெஸ்" கொடுத்தால் லேப்டாப் தானே அணைந்துவிடும். மறுபடி சார்ஜரைச் செருகும் வரை பேட்டரியிலிருந்து போர்டுக்கு மின்சாரம் போகாது. பயாஸுக்குள் இருக்கும்போது சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் என்று ஒன்று கண்ணில் படும். விளையாட்டாகக்கூட வைக்காதீர்கள். மறந்தால் மதர்போர்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

படி 6: மூடியைத் திறந்து ரேம் போடுவது

அணைந்தபின் ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். மேசை மேல் ஒரு பருத்தித் துண்டு, அதன் மேல் லேப்டாப்பைக் கவிழ்த்து வையுங்கள். உடம்பில் இருக்கும் மின்சாரம் போக ஜன்னல் கம்பியையோ இரும்பு பீரோவையோ ஒருமுறை தொடுங்கள். ஏசி அறையில் பாலியெஸ்டர் சட்டையோடு உட்கார்ந்து செய்வதைத் தவிருங்கள்.

மூடியின் ஸ்க்ரூக்கள் முழுதாகக் கழன்று வராது. தளர்ந்து மூடியோடேயே நிற்கும், தொலையும் பயம் இல்லை. தலைக்குக் கச்சிதமாகப் பொருந்தும் பிளஸ் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். சின்னதை வைத்துத் திருகினால் தலை மழுங்கிவிடும். எல்லாம் தளர்ந்தபின் திரையின் கீல் இருக்கும் பக்கத்து மூலையில் பழைய ஏடிஎம் கார்டை நுழைத்து மெதுவாக ஓட்டுங்கள். "டக், டக்" என்று ஒவ்வொரு கொக்கியாக விடும். முதல் சத்தத்தில் எனக்கு நெஞ்சு பக்கென்றது. அது உடைந்த சத்தம் இல்லை, அப்படித்தான் கேட்கும். ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து நெம்பாதீர்கள்.

உள்ளே ரேம் ஸ்லாட்டைக் கண்டுபிடித்து, மேலே மெல்லிய மறைப்பு இருந்தால் தூக்குங்கள். பழையதைக் கழற்ற இரண்டு பக்கத்துக் கம்பியையும் வெளிப்பக்கமாகத் தள்ளினால் ரேம் தானே சாய்வாக எழும்பும். புதியதைத் தங்கநிறப் பல்லைத் தொடாமல் ஓரத்தில் பிடித்து, வெட்டைப் பார்த்து, சுமார் 30 டிகிரி சாய்வில் உள்ளே தள்ளுங்கள். தங்கநிறம் ஏறக்குறைய முழுதாக மறைய வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். பாதி நுழைந்ததுமே கீழே அழுத்திவிடுகிறார்கள். முழுதாக நுழைந்தபின் கீழே அமுக்கினால் இருபக்கக் கம்பியும் "க்ளிக்" என்று பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் எடுத்துவிட்டு மறுபடி.

மூடியைப் போட்டு, சார்ஜரைச் செருகி, ஆன் செய்யுங்கள். திரை கறுப்பாகவே இருக்கும்.

பயப்படாதீர்கள். டிடிஆர்5-இல் புதிய ரேமைக் கண்டதும் போர்டு அதோடு பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். பவர் விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. எங்கள் முதல் லேப்டாப் கிட்டத்தட்ட நான்கு நிமிடம் அப்படியே நின்றது. எதிரில் ஆடிட்டர் சார். ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்தி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். பத்து நிமிடம் தாண்டியும் வரவில்லை என்றால் மட்டும் மூடியைத் திறந்து ரேமை எடுத்துச் செருகுங்கள். பத்துக்கு எட்டு, சரியாக நுழையாததுதான் காரணம்.

வந்ததும் டாஸ்க் மேனேஜரில் அளவைச் சரிபாருங்கள். அன்றிரவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐப் பென்டிரைவில் போட்டு ஓடவிட்டுப் போங்கள். காலையில் ஒரு பிழை தெரிந்தாலும் ரேமைக் கடையில் மாற்றிவிடுங்கள். கணக்கு ஃபைல்கள் இருக்கும் லேப்டாப்பில் "ஒரே ஒரு பிழைதானே" என்ற பேச்சே கூடாது.

படி 7: எஸ்எஸ்டி

இரண்டு வழி. ஒன்று, புதிதாக விண்டோஸ் போடுவது. 8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் தயார் செய்து, எஃப்12 அழுத்தி அதிலிருந்து துவக்கலாம். விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது, சாவி எதுவும் கேட்காது. வைஃபை டிரைவரை மட்டும் முன்னதாகவே பென்டிரைவில் எடுத்து வையுங்கள். லேன் கேபிள் இருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

இன்னொன்று, அப்படியே நகல். ஸ்லாட் ஒன்றுதான் என்பதால் என்விஎம்இ யுஎஸ்பி பெட்டி ஒன்று தேவை. புதிய எஸ்எஸ்டியை அதில் போட்டு, க்ளோன்ஜில்லா மாதிரி ஒரு கருவியில் நகல் எடுத்து, பிறகு உள்ளே மாற்றுங்கள். உள்ளே எஸ்எஸ்டியை ஒரு சின்ன ஸ்க்ரூ பிடித்திருக்கும். அதை எடுத்ததும் அதுவும் சாய்வாக எழும்பும்.

நகல் எடுத்தவர்களுக்கு ஒரு தலைவலி காத்திருக்கும். 512 ஜிபியிலிருந்து 1 டிபிக்குப் போனபின்னும் சி டிரைவ் பழைய அளவிலேயே இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் "எக்ஸ்டெண்ட் வால்யூம்" மங்கலாகக் கிடக்கும். காரணம், சி-க்கும் காலி இடத்துக்கும் நடுவே விண்டோஸின் மீட்புப் பகுதி உட்கார்ந்திருக்கிறது. டிஸ்க் பகுதிகளைத் திருத்தும் ஜிபார்டெட்டைப் பென்டிரைவிலிருந்து துவக்கி அந்தப் பகுதியைக் கடைசிக்கு நகர்த்தினால் வழி திறக்கும். இதற்கு மட்டும் எனக்கு ஒரு சனிக்கிழமை மதியம் போனது. அடுத்த லேப்டாப்புக்குப் புதிதாகவே விண்டோஸ் போட்டுவிட்டேன், ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

படி 8: மூடியபின்

பிட்லாக்கரை மறுபடி போடுங்கள், எஸ்எஸ்டி மாற்றியிருந்தால் புதிய மீட்புச் சாவியை அச்சிடுங்கள். புதிய எஸ்எஸ்டிக்குப் பழைய சாவி செல்லாது. டேலி லைசன்ஸ், டோக்கன் டிரைவர் இரண்டையும் சரிபார்த்து, ஒரு பிடிஎஃப்பில் கையெழுத்துப் போட்டுப் பாருங்கள். கடைசித் தேதி அன்று அதைச் சோதிக்க வேண்டாம்.

நாள் முழுக்கச் சார்ஜரிலேயே இருக்கும் ஆபீஸ் லேப்டாப் என்றால் லெனோவோவின் வான்டேஜ் செயலியில் பேட்டரி வரம்பை அமையுங்கள். 75-இல் ஏற ஆரம்பித்து 80-இல் நிற்கட்டும். வெளியூர் ஆடிட்டுக்குப் போகும் முந்தின நாள் மட்டும் அதை எடுத்துவிட்டு 100 ஏற்றிக்கொள்ளலாம். சார்ஜரை மறந்து வந்தாலும் கவலையில்லை, பவர் டெலிவரி (பிடி) உள்ள 65 வாட் டைப்-சி சார்ஜர் எதுவும் ஒத்துழைக்கும்.

கழற்றிய பழைய எஸ்எஸ்டியை உடனே அழித்துவிடாதீர்கள். மேலே ஒரு சீட்டில் எந்த லேப்டாப், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டி, ஒரு மாதம் பூட்டிய மேசை டிராயரில் கிடக்கட்டும். எங்கள் இரண்டில் ஒன்றை மூன்றாவது வாரத்தில் எடுக்க வேண்டி வந்தது. அவுட்லுக்கின் பழைய மெயில் ஃபைலை ஒருவர் டெஸ்க்டாப்பில் ஒரு ஃபோல்டருக்குள் வைத்திருந்தாராம், அந்த ஃபோல்டரின் பெயர் "வேண்டாதது".